பார்ஸ்னிப்: மண்ணைப் பார்த்து ரகம், ஆண்டைப் பார்த்து விதை

கேரட்டைப் போன்ற வெள்ளை வேர்க்காய்கறியான பார்ஸ்னிப்பைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பது நான்கு விஷயங்கள். விதைப் பட்டியலில் பத்துப் பன்னிரண்டு பார்ஸ்னிப் ரகங்கள் இருக்கின்றன, எதை வாங்குவது? தோட்டத்து மண் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே களிமண்ணாக இறுகிக் கிடக்கிறது, அதில் இந்தப் பயிர் வருமா? போன பருவம் விதைத்ததில் கால்வாசிகூட முளைக்கவில்லையே, ஏன்? வாங்கிய ரகத்திலிருந்து அடுத்த முறைக்கு நாமே விதை எடுத்துக்கொள்ளலாமா?

முளைக்காத விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பார்ஸ்னிப்பைக் கைவிடுபவர்களில் பெரும்பாலோர் முதல் மாதத்திலேயே கைவிடுகிறார்கள். பாத்தி வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ரகம் சரியில்லை என்று முடிவுகட்டி, அடுத்த முறை வேறு பெயரை வாங்குகிறார்கள். பெரும்பாலும் கோளாறு ரகத்தில் இல்லை, விதையின் வயதில் இருக்கிறது. தக்காளி விதையை நான்கைந்து ஆண்டு பத்திரப்படுத்தலாம், கேரட் விதைகூட மூன்று ஆண்டு தாங்கும். பார்ஸ்னிப் விதைக்கு நல்ல ஆயுள் ஒரே ஆண்டுதான். இரண்டாம் ஆண்டில் முளைப்புத்திறன் சடசடவென்று இறங்கிவிடும். புத்தம் புது விதையிலேயே நூற்றுக்கு நூறு முளைப்பதில்லை. ஆகவே பாக்கெட் வாங்கும்போது ரகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் விதை எந்த ஆண்டு அறுவடை, எந்தத் தேதியில் பொதி கட்டியது என்று பாருங்கள். பிரித்த பாக்கெட்டில் மிச்சம் இருந்தால் அதை அடுத்த பருவத்துக்கு நம்பாதீர்கள். உங்கள் போன பருவத்து விதை முந்தைய ஆண்டு வாங்கிய மிச்சம் என்றால் இந்தக் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

விதை புதியதாகவே இருந்திருந்தால் அடுத்த சந்தேகம் மண்ணின் வெப்பநிலை. மண் 20 டிகிரி செல்சியஸ் இருந்தால் சுமார் இரண்டு வாரத்தில் முளை தெரியும். 10 டிகிரியில் ஏறத்தாழ நான்கு வாரம். 5 டிகிரியில் இரண்டு மாதம் வரை இழுக்கும். மறுபக்கம், 30 டிகிரியைத் தொட்டால் பாதி விதைதான் முளைக்கும், அதற்கும் ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். 35 டிகிரியில் ஏறத்தாழ ஒன்றுமே முளைக்காது. குளிர் தானாக விதையைக் கொல்வதில்லை. ஈரமான குளிர் மண்ணில் வாரக்கணக்கில் கிடக்கும்போது பூஞ்சை முந்திக்கொள்கிறது, அதனால்தான் அழுகிப் போகிறது. பருவம் தொடங்கியதுமே விதைத்துவிட வேண்டும் என்று பழைய புத்தகங்கள் அவசரப்படுத்தும். அதைக் கேட்காதீர்கள். மண் 10 டிகிரியைத் தாண்டிய பிறகு விதையுங்கள். வெப்பமான இடத்தில் இருப்பவர்கள் எதிர்த்திசையில் யோசிக்க வேண்டும்: மண் 25 டிகிரிக்குக் கீழே இறங்கி, அடுத்த நான்கு மாதம் குளிர்ச்சியாக இருக்கும் என்று தெரிந்தால் மட்டும் விதைக்கலாம். ரகத்தைப் பொறுத்து அறுவடைக்கு நான்கு முதல் ஐந்து மாதம் பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

விதையை ஒருமுறை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தட்டையாக, காகிதம் போன்ற மெல்லிய ஓரத்தோடு இருக்கும். முதுகில் பழுப்பு நிறக் கோடுகள் ஓடும். அவை எண்ணெய்க் குழாய்கள், நசுக்கினால் வரும் வாசனை அவற்றிலிருந்துதான். உண்மையில் இது கனியின் பாதி. இரண்டு பாதிகள் முதுகு வெளியே தெரிய ஒட்டியிருந்து, காய்ந்ததும் பிரிந்து விழுகின்றன. சிலவற்றுக்குள் கரு இருக்காது. வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் ஒரு குழிக்கு ஒரு விதை என்று கணக்கு வைத்தால் இந்தப் பயிர் ஏமாற்றிவிடும். இடத்துக்கு மூன்று நான்கு விதையாகப் போடுங்கள். காற்று அடிக்கும் நாளில் விதைக்காதீர்கள், கையிலிருந்தே பறந்துவிடும்.

இதைவிட நம்பகமான வழி, முளைகட்டி விதைப்பது. மெல்லிய காகிதத் துண்டை நனைத்து, நீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, அதன்மேல் விதைகளைத் தனித்தனியாகப் பரப்பி மடித்து, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். அறை வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருப்பது நல்லது. ஒரு வாரம் கழித்துத் தினமும் திறந்து பார்க்க வேண்டும். முதலில் விதையின் ஓரம் ஓரிடத்தில் விரிசல் விடும், அடுத்த நாள் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்க்கும். அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம் இருக்கும்போதே, ஈரமான மெல்லிய தூரிகையின் நுனியால் எடுத்து மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வேர் நீண்டு காகிதத்தில் கோத்துக்கொள்ளும். எடுக்கும்போது நுனி ஒடியும். நுனி ஒடிந்த ஆணிவேர் நேராக இறங்காது, கவட்டை விட்டுத்தான் வளரும். விதைப்பு ஆழம் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் போதும். முளைவிட்ட விதையின் மேல் மண் ஒருநாள்கூடக் காயக் கூடாது. களிமண் மேலே பாளமாக இறுகும் என்றால், விதையை மண்ணால் மூடாமல் சலித்த மட்கு உரத்தால் மூடுங்கள்.

நாற்றங்காலில் வளர்த்துப் பிடுங்கி நடுவது இந்தப் பயிருக்கு ஆகாது. அட்டைக் குழாய்களில் விதைத்துக் குழாயோடு நடலாம். ஆனால் நாற்று மேலே இரண்டு இலை காட்டும் நேரத்தில் வேர் குழாயின் அடியைத் தொட்டிருக்கும். அதற்கு முன்பே நட்டாக வேண்டும் என்பதால் இதில் பெரிய லாபம் எதையும் நான் காணவில்லை.

நேரடியாக விதைத்தால் வரிசையிலேயே இடையிடையே முள்ளங்கி விதையையும் தூவுங்கள். ஐந்தாறு நாளில் முள்ளங்கி முளைத்து வரிசை எங்கே இருக்கிறது என்று காட்டிவிடும், களையெடுக்கும்போது பார்ஸ்னிப் இருக்கும் இடத்தைக் கொத்திவிட மாட்டீர்கள். பார்ஸ்னிப்பின் முதல் இரண்டு இலைகள் நீண்டு ஒல்லியாக, புல் என்று பிடுங்கிப் போடும்படிதான் இருக்கும். பல்பல்லான விளிம்போடு அகன்ற மூன்றாவது இலை வந்த பிறகே அடையாளம் தெரியும். முள்ளங்கியை அதற்குள் பறித்துவிடலாம்.

இனி ரகம். பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வேரின் வடிவத்தை வைத்துப் பார்த்தால் எல்லாமே மூன்று நான்கு கூட்டத்துக்குள் அடங்கிவிடும். எந்த வடிவம் என்பதை உங்கள் மண்ணின் ஆழம் தீர்மானிக்கட்டும்.

நீண்டு இறங்கும் பழைய ரகங்களில் பெயர் பெற்றவை ஹாலோ கிரவுனும் டெண்டர் அண்ட் ட்ரூவும். ஆழமான, கல் இல்லாத, பொலபொலப்பான மண்ணில் இவை ஒன்றரை அடிக்கும் கீழே போகும். டெண்டர் அண்ட் ட்ரூவின் சுவையை விரும்பி இன்றும் பலர் அதை விடுவதில்லை, காட்சிக்கு வைப்பவர்களுக்கும் அது பிடித்த ரகம். ஹாலோ கிரவுனில் இலைக்காம்புகள் ஒரு சிறு குழிக்குள்ளிருந்து கிளம்பும். அந்தக் குழியில் தண்ணீர் தேங்க இடம் உண்டு, வேரின் மேல்பகுதியில் புண் விழுந்து அழுகும் சொரிநோய் வரும் தோட்டத்தில் இது ஒரு பலவீனம். ஒரு சாணுக்குக் கீழே இறுகிய மண்ணில் இந்த இரண்டையும் விதைத்தால், வேர் அந்த இறுகலைத் தொட்டதும் திரும்பிக்கொள்ளும் அல்லது இரண்டாக மூன்றாகப் பிரியும். சமையலுக்கு உரித்து எடுக்கும்போது பாதி வீணாகும்.

ஒல்லியாக நேராக இறங்கும் ஈட்டி வடிவத்தில் ஜாவலின், அல்பியன் என்ற எஃப்1 கலப்பினங்கள் (இரண்டு வகைகளைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதைகள்) இருக்கின்றன. இரண்டுக்கும் சொரிநோயை நன்றாகத் தாங்கும் தன்மை உண்டு. அல்பியனின் தோல் நல்ல வெள்ளை, பிடுங்கிய பிறகும் எளிதில் பழுப்பேறாது. இடம் குறைவாக இருந்து நெருக்கமாக வளர்க்க விரும்புபவர்களுக்கு இந்த வடிவம் பொருத்தம். ஆனால் நீளம் இருப்பதால் ஆழமும் வேண்டும்.

உங்கள் மண்ணுக்கு நான் சொல்வது ஆப்பு வடிவ ரகங்களும் குட்டை ரகங்களும்தான். தோள் அகலமாக இருந்து வேகமாகக் குறுகுவதால் இவற்றின் சதையில் பெரும்பகுதி மேலே அரையடிக்குள்ளேயே இருக்கும். ஒயிட் ஜெம் இதில் நல்ல தேர்வு: தோல் வழுவழுப்பானது, பலவகை மண்ணில் வரும், நோயையும் ஓரளவு தாங்கும், கலப்பினம் இல்லை என்பதால் விதை எடுக்கலாம். அரைநீளமான கெர்ன்சி பழைய ரகம், அகன்ற தோள் கொண்டது. ஏவன்ரெசிஸ்டர் இன்னும் சிறியது. இங்கிலாந்தில் வெல்ஸ்பர்னில் இருந்த தேசியக் காய்கறி ஆராய்ச்சி நிலையம் சொரிநோயை எதிர்ப்பதற்கென்றே உருவாக்கிய ரகம் அது. ஏழெட்டு சென்டிமீட்டர் இடைவெளியிலேயே வளரும், ஒரு வேளைச் சமையலுக்கு நாலைந்து பிடுங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கிளாடியேட்டர் எஃப்1 இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நிற்கிறது. வேகமாகப் பருக்கும், சீராக வரும், நோயையும் தாங்கும். முதல்முறை வளர்ப்பவர்களுக்கு அதன் சீர்மை பெரிய தைரியம். கிரால் ரஷ்யன் என்று உருண்டையாக, பீட்ரூட் வடிவில் ஒரு ரகம் உண்டு. மிகவும் ஆழமில்லாத பாத்திக்கு அது ஏற்றது. விதை எங்கும் கிடைக்காது, கிடைத்தால் விடாதீர்கள்.

ஆக, உங்கள் பாத்தியை அப்படியே வைத்துக்கொள்வதென்றால் ஒயிட் ஜெம் அல்லது ஏவன்ரெசிஸ்டர். கூடவே ஒரு வரிசை கிளாடியேட்டர் போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீண்ட ரகத்தின்மேல் ஆசை இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. கடப்பாரையை மண்ணில் ஊன்றி வட்டமாகச் சுழற்றினால் கூம்பு வடிவில் குழி விழும். ஒன்றேகால் முதல் ஒன்றரை அடி ஆழம் வீட்டுக்குப் போதும். மணலும் சலித்த மட்கு உரமும் கலந்து குழியை நிரப்பி, மேலே மூன்று விதை போட்டு, முளைத்ததில் திடமான ஒன்றை மட்டும் விட்டு வையுங்கள். வேர் அந்தக் கூம்பின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். களிமண் ஈரமாக இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். கடப்பாரை சுழன்ற இடம் பூசி மெழுகியதுபோல் ஆகி, வேரும் நீரும் இறங்காமல் போகும்.

உரத்தைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. முந்தைய பயிருக்கு நன்றாகத் தொழு உரம் இட்ட பாத்தியே போதும். பச்சைச் சாணமும் அரைகுறையாக மக்கிய எருவும் வேண்டாம், வேர் கவட்டை விடுவதற்கு அவையும் ஒரு காரணம். தழைச்சத்து கூடினால் இலை மட்டும் செழிக்கும். தண்ணீரைச் சீராக விட வேண்டும். நீண்ட நாள் காயவிட்டு ஒரேயடியாகப் பாய்ச்சினால் வேர் நெடுக வெடிக்கும்.

நெருக்கமாக முளைத்த நாற்றுகளைக் கலைக்கும்போது பிடுங்காமல் கத்தரியால் தரையை ஒட்டி வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும். கிளம்பும் வாசனை கேரட் ஈயையும் அழைத்து வரும். அந்த ஈ முட்டையிடுவது செடியின் தூரை ஒட்டிய மண்ணில். புழு வேரைக் குடைந்து துரு நிறத்தில் வழி போடும். மெல்லிய கண்ணிகொண்ட வலையால் பாத்தியை விதைத்த அன்றே மூடிவிடுவதைவிட நல்ல தடுப்பு எனக்குத் தெரிந்து இல்லை. சென்ற முறை கேரட்டோ பார்ஸ்னிப்போ இருந்த இடத்தில் மட்டும் வலை போடாதீர்கள். மண்ணில் இருக்கும் கூட்டுப்புழு வலைக்கு உள்ளேயே ஈயாக வெளிவரும்.

புழு குடைந்த இடத்தின் வழியாகவும் சொரிநோய் நுழைகிறது. வேரின் தோளில் கறுப்பாக, ஊதாவாக அல்லது செம்பழுப்பாகப் புண் விழுந்து, அது உள்ளே அழுகிக்கொண்டே போகும். கறுப்புப் புண்ணுக்குக் காரணம் இட்டர்சோனிலியா என்ற பூஞ்சை. அது முதலில் இலையில் சிறு புள்ளிகளாக இருக்கிறது, மழையோ பாசனமோ அதன் வித்துகளைக் கழுவி இறக்கி வேரின் தோளில் சேர்க்கிறது. இந்தப் பாதை தெரிந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். தோள் வெளியே தெரியாதபடி இரண்டு முறையாவது மண் அணையுங்கள். மஞ்சளான இலைகளை அவ்வப்போது அகற்றுங்கள். களைக்கொத்து தோளில் படக் கூடாது, தூரை ஒட்டிய களையைக் கையால்தான் எடுக்க வேண்டும். நோய் வந்த தோட்டத்தில் மூன்று நான்கு வாரம் தாமதமாக விதைத்து, கொஞ்சம் நெருக்கமாகவும் விடலாம். வேர் சிறுக்கும், ஆனால் நோய் குறையும். அமில மண்ணில் இது அதிகம். கார அமில நிலை 6.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு இடுங்கள். வந்த பிறகு வீட்டுத் தோட்டத்தில் மருந்தடித்துக் குணப்படுத்த முடியாது. எதிர்ப்பு ரகத்துக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பது அதனால்தான்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்ஸ்னிப்பின் இலையிலும் தண்டிலும் உள்ள சாற்றில் ஃபியூரனோகூமரின் என்ற பொருட்கள் இருக்கின்றன. அந்தச் சாறு தோலில் பட்டு, அதன்மேல் வெயில் பட்டால், ஒன்றிரண்டு நாள் கழித்துத் தீக்காயம் போலச் சிவந்து கொப்புளம் எழும், மாறிய நிறம் மாதக்கணக்கில் தங்கும். படும்போது எரிச்சலோ அரிப்போ எதுவும் இருக்காது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. இலை கழிக்கவும் களை எடுக்கவும் முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்து, வெயில் தாழ்ந்த நேரத்தில் செய்யுங்கள். சாறு பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, அந்த இடத்தை இரண்டு நாள் வெயில் படாமல் மூடி வையுங்கள். குழந்தைகளை இலையோடு விளையாட விடாதீர்கள்.

அறுவடைக்கு அவசரமே வேண்டாம். இலை வாடத் தொடங்கியதும் எடுக்கலாம்தான், ஆனால் இனிப்பு வருவது குளிருக்குப் பிறகு. குளிர் படும்போது வேரில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. உறைபனி விழும் இடங்களில் வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு, மேலே வைக்கோல் மூடாக்கு போட்டுத் தேவைக்கு ஏற்பத் தோண்டுகிறார்கள். பனி விழாத இடத்தில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. தோண்டிய வேரைக் கழுவாமல், இலையை ஒட்ட நறுக்கி, துளையுள்ள பையில் போட்டுக் குளிர்பெட்டியின் மிகக் குளிர்ந்த தட்டில், உறையாமல், இரண்டு வாரம் வையுங்கள். பூஜ்ஜியம் முதல் ஒரு டிகிரி வரையான குளிரில் இரண்டு வாரம் இருந்த வேரில் பனி பட்ட வேரில் நடக்கும் அதே மாற்றம் நடக்கிறது. தோண்டிய அன்று ஒன்றையும் இரண்டு வாரம் கழித்து ஒன்றையும் வேகவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். மண்ணில் விட்ட வேரை மட்டும் புதுத் துளிர் கிளம்புவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். துளிர்த்த பிறகு நடுப்பகுதி நார்தட்டிக் கட்டையாகிவிடும்.

கடைசிக் கேள்வி, விதை எடுப்பது. கிளாடியேட்டர், ஜாவலின், அல்பியன் போன்ற எஃப்1 ரகங்களிலிருந்து எடுக்க வேண்டாம், அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. ஒயிட் ஜெம், கெர்ன்சி, டெண்டர் அண்ட் ட்ரூ, ஹாலோ கிரவுன் எல்லாவற்றிலும் எடுக்கலாம். விதையின் ஆயுள் ஒரே ஆண்டு என்பதால், இந்தப் பயிரில் சொந்த விதை எடுப்பது வேறு எந்தக் காய்கறியைவிடவும் பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம். வாங்கும் பாக்கெட்டின் வயதைப் பற்றிய கவலையே இருக்காது.

தேர்ந்தெடுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தப் பயிரின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் வேளாண் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் பக்மன் 1840-களின் இறுதியில் காட்டுப் பார்ஸ்னிப்பின் விதையை எடுத்து விதைத்தார். காட்டுச் செடியின் வேர் ஒல்லியானது, கிளை விட்டது. அதில் தேறியவற்றை மட்டும் விதைக்கு விட்டு, தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தார். 1860-ல் சட்டன்ஸ் விதை நிறுவனம் அதை தி ஸ்டூடன்ட் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சுவைக்குப் பேர்போன ரகமாக அது நெடுங்காலம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுத் தேர்வில் காட்டு வேர் தோட்டத்து வேராக முடிந்திருக்கிறது என்றால், உங்கள் ஒரு சாண் மண்ணில் கவட்டை விடாமல் வந்த வேர்களை மட்டும் ஒவ்வொரு முறையும் விதைக்கு விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

செய்முறை இதுதான். பார்ஸ்னிப் இரண்டாம் ஆண்டில் பூப்பது. முதல் பருவத்தின் முடிவில் எல்லா வேர்களையும் தோண்டி எடுத்துப் பார்த்து, வடிவும் தோளும் சரியாக உள்ள, புண்ணில்லாத வேர்களைப் பொறுக்கி மறுபடி நடுங்கள். இரண்டு மூன்றோடு நிறுத்தினால் சில தலைமுறையில் வீரியம் குறையும், பத்துக்கு மேல் நட முடிந்தால் நல்லது. குளிர் பட்டால்தான் பூத்தண்டு கிளம்பும் என்பதால், மிதமான குளிர்கூட வராத இடத்தில் வேர்களைச் சில வாரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து நட வேண்டியிருக்கும். தண்டு ஆள் உயரத்துக்கு எழும், முட்டுக் கொடுக்க வேண்டும். மஞ்சள் நிறத்தில் குடை விரித்த பூங்கொத்துகள் வரும். பூச்சிகள் மகரந்தத்தைச் சேர்ப்பதால் பக்கத்தில் வேறு பார்ஸ்னிப் ரகமோ காட்டுப் பார்ஸ்னிப்போ பூத்திருந்தால் கலந்துவிடும். கேரட்டோடு கலக்காது, அந்தப் பயம் வேண்டாம். நடுத்தண்டின் உச்சியில் முதலில் விரியும் குடையில்தான் பெரிய, கனமான விதைகள் பிடிக்கும். பின்னால் வரும் பக்கக் கிளைகளின் விதை சிறுத்துப்போகும் என்பதால் அவற்றைக் கிள்ளிவிடலாம். விதை பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறியதும் குடையோடு வெட்டிக் காகிதப் பையில் தலைகீழாகப் போடுங்கள். இரண்டு நாள் தாமதித்தாலும் காற்றில் கொட்டிவிடும். வெட்டும்போது கையுறை கட்டாயம், பூத்தண்டிலும் அதே சாறு உண்டு. நிழலில் உலர்த்தி, பையின் மேல் ரகத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி, அடுத்த விதைப்பிலேயே எல்லாவற்றையும் தீர்த்துவிடுங்கள்.